கறி இல்லாத குடைமிளகாய்க் கறி

எல்லோருக்கும் வணக்கம். விண்வெளி அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீர்கள், ஆனால் நான் பேசப் போவது சாப்பாட்டைப் பற்றி. கௌபாய் பீபாப் என்கிற தொடரைப் பார்த்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் எபிசோட், வருஷம் 2071. ஜெட் என்கிற வழுக்கைத் தலை முன்னாள் போலீஸ்காரர் வாணலியில் எதையோ வதக்கிக்கொண்டு, சாப்பிட வா என்று தன் கூட்டாளி ஸ்பைக்கைக் கூப்பிடுகிறார். இன்றைக்கு ஸ்பெஷல், மாட்டுக்கறி போட்ட குடைமிளகாய். ஸ்பைக் தட்டைக் கிளறிக் கிளறிப் பார்க்கிறான், குடைமிளகாய்தான் இருக்கிறது, கறியைக் காணோம். கறியே இல்லாததற்கு எப்படி அந்தப் பேர் என்று கேட்கிறான். கையில் காசு இல்லாதபோது இதற்கும் அந்தப் பேர்தான் என்கிறார் ஜெட். சரி, போன தடவை வந்த பத்து லட்சம் ஊலாங் எங்கே? (ஊலாங் என்பது அவர்கள் காசு.) நீ உடைத்த வண்டிக்கு ரிப்பேர், நீ நொறுக்கிய கடைக்கு நஷ்ட ஈடு, நீ அடித்த போலீஸ்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அதற்கே சரியாகப் போய்விட்டது.

கதாநாயகன் அறிமுகம் இவ்வளவுதான். விண்வெளிக் கதை என்றால் யாராவது பிரபஞ்சத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்று பழகிப்போன நமக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒரு ஹீரோ. இவர்கள் தொழில், தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுப்பது. ஆளை உயிரோடு ஒப்படைத்தால்தான் பணம். ஆள் பாதி நேரம் செத்துப்போகிறான், இல்லையென்றால் பாவம் பார்த்து இவர்களே விட்டுவிடுகிறார்கள், அதுவும் இல்லையென்றால் வந்த பணம் வந்த வழியே போய்விடுகிறது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற பிழைப்பு. அவர்கள் குடியிருக்கும் பீபாப் கப்பல்கூடப் பழைய மீன்பிடிக் கப்பலை மாற்றிக் கட்டியதுதான், அதனால்தான் அது தரையில் இறங்காது, தண்ணீரில்தான் இறங்கும்.

இந்தத் தொடர் உருவான கதையும் காசுக் கதைதான். டைரக்டர் ஷினிசிரோ வாதனபேயிடம் பண்டாய் என்கிற ஜப்பானியக் கம்பெனியின் பொம்மைப் பிரிவு போட்ட ஒரே நிபந்தனை, விண்கலம் இருக்க வேண்டும் என்பது. விண்கலம் இருந்தால் பொம்மை விற்கலாம் அல்லவா. அவர் எடுத்துக் காட்டியதைப் பார்த்ததும், இதை வைத்து ஒரு பொம்மைகூட விற்காது என்று ஒதுங்கிக்கொண்டார்கள், அப்புறம் அதே பண்டாயின் வீடியோ பிரிவு கை கொடுத்தது. 1998 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் வந்தபோது 26 எபிசோடும் ஒளிபரப்பாகவில்லை, பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. முழுசாகப் போட்டது அதே வருஷம் அக்டோபரில் தொடங்கி வாவ்வாவ் என்கிற கட்டணச் சேனல்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். 11ஆவது எபிசோட் எனக்கு ரொம்பப் பிடித்தது. கப்பலுக்குள் ஏதோ ஒரு ஜந்து புகுந்து ஒவ்வொருவராகக் கடிக்கிறது, கடிபட்டவர் மயங்கி விழுகிறார், பேய்ப்படம் மாதிரி இருட்டு, புகை, எல்லாம் உண்டு. கடைசியில் பார்த்தால் ஒரு வருஷத்துக்கு முன்னால் ஸ்பைக் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறந்துபோன சிங்கி இறால் அது! கெட்டுப்போய், உயிர் வந்து, ஊர்ந்து வந்திருக்கிறது. ஃபிரிட்ஜை அப்படியே விண்வெளியில் தள்ளிவிடுகிறான், பின்னணியில் சைகோவ்ஸ்கியின் பூக்களின் வால்ட்ஸ் ஓடுகிறது. எட் என்கிற சின்னப் பெண் தூக்கத்தில் அந்த ஜந்துவையே மென்று தின்றுவிடுகிறாள். பசி என்றால் அப்படிப் பசி. (யோகோ கன்னோவின் இசையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போகிறானே என்று அடிக்க வராதீர்கள், அதற்குத் தனியாக ஒரு சாயங்காலம் வேண்டும்.)

இன்னொன்று, கப்பலில் ஐன் என்று ஒரு கார்கி நாய் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான, விலைமதிப்பில்லாத நாய். கூடவே வைத்துக்கொண்டு கடைசி வரை இவர்களுக்கு அது தெரியாது, பட்டினி கிடக்கும்போது அதுவும் சேர்ந்து கிடக்கும்.

முடிவை நான் சொல்ல மாட்டேன், கடைசி இரண்டு எபிசோடை நீங்களே பாருங்கள். 24ஆவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதில், கப்பலில் இவர்களோடு இருக்கும் ஃபே என்கிற பெண் தன் பழைய வீட்டைத் தேடிப் பூமிக்குப் போகிறாள். வீடு இல்லை, இடிபாடுதான். தன் கட்டில் இருந்த இடத்தில் குச்சியால் ஒரு செவ்வகம் கிழித்து அதற்குள் படுத்துக்கொள்கிறாள். எட் அப்பாவைத் தேடிக் கிளம்பிவிடுகிறாள், ஐனும் அவள் பின்னாலேயே போய்விடுகிறது. கப்பலில் ஜெட் எல்லோருக்குமாக முட்டை அவித்து வைத்திருக்கிறார். ஸ்பைக்கும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, முதலில் தங்கள் பங்கை, அப்புறம் போனவர்கள் பங்கை, ஒரு வார்த்தை பேசாமல், கன்னம் உப்ப உப்ப, ஏதோ பந்தயம் கட்டியது போல அடைத்து அடைத்து விழுங்குகிறார்கள். முதல் தடவையாக அந்தக் கப்பலில் சாப்பாடு மிச்சம் இருக்கிறது.