வேளாஸ்: ஆமைக்குஞ்சு பார்க்க ஒரு கொங்கண் கிராமத்துக்கு

[திரையில்: கொங்கண் கடற்கரை வரைபடம். சாவித்ரி ஆறு கடலில் சேரும் இடம் பெரிதாகிறது.]

வணக்கம். மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்து வடக்கு ஓரத்தில், சாவித்ரி ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வேளாஸ். தென்னை, பாக்கு, மா, இவற்றுக்கு நடுவே ஓட்டு வீடுகள். பேஷ்வா காலத்து அமைச்சர் நானா பட்னவீஸின் பூர்வீக ஊர் இது. ஆனால் பிப்ரவரி முடிவிலிருந்து ஏப்ரல் வரை இங்கே வருகிறவர்கள் பங்குனி ஆமையின் குஞ்சுகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நம் சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் அதே ஆமைதான்.

2002இல் சிப்லூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற அமைப்பினர் வெண்வயிற்றுக் கடற்கழுகுகளைத் தேடி இந்தக் கரையோரம் வந்தார்கள். மணலில் கிடந்த ஆமை முட்டை ஓடுகள் அவர்கள் கண்ணில் பட்டன. தாய் ஆமை புதைத்துவிட்டுப் போன முட்டைகளை மனிதர்கள் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தால் நாயும் நரியும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடை செய்கிறது, சரி. ஆனால் ஆளில்லாத கரையில் நடுராத்திரி சட்டம் வந்து காவல் நிற்காது. ஊர்க்காரர்கள்தான் நிற்க வேண்டும். 2006இல் ஆமைத் திருவிழா தொடங்கியது. பார்க்க வருகிறவர்கள் ஊர் வீடுகளிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள், வாடகை அந்த வீட்டுக்கே போனது. முட்டையைத் தோண்டி விற்பதைவிட, அது பொரிந்து குஞ்சு கடலுக்குப் போவதில் ஊருக்கு லாபம் என்று ஆனது. வேளாஸில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

[திரையில்: வலை வேலிக்குள் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய அட்டை.]

இது பொரிப்பகம். பெசன்ட் நகரில் ஆமை நடை போனவர்களுக்குப் பழக்கமான முறை. விடியும் முன் கரையில் நடந்து, ஆமை ஊர்ந்த தடத்தை வைத்துக் குழியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள். அவற்றைச் சீக்கிரமே எடுத்தாக வேண்டும். இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையை உருட்டினால் உள்ளே வளரும் கரு செத்துப்போகலாம். தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குடுவை வடிவத்தில் இங்கே குழி வெட்டி உள்ளே வைக்கிறார்கள். பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும். இன்னொன்று, மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் ஆண்.

பொரியும் நாள் நெருங்கியதும் குழியின் மேல் கூடை கவிழ்த்துவிடுவார்கள். காலையும் மாலையும் கூடையைத் தூக்குவார்கள். உள்ளே குஞ்சுகள் இருந்தால் அன்று உங்களுக்கு அதிர்ஷ்டம். அவற்றை நேராகத் தண்ணீரில் விடுவதில்லை. சற்றுத் தள்ளி மணலில் விட, தானாகவே தவழ்ந்து போகின்றன. பெண் ஆமைகள் பல வருஷம் கழித்து முட்டையிட, தாங்கள் பிறந்த கடலோரப் பகுதிக்கே திரும்பும். அந்தக் கரையைப் பிறந்த சமயத்திலேயே மனதில் பதித்துக்கொள்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குஞ்சுகள் தவழ்ந்து போவதைக் குலைக்கக் கூடாது. அதனால்தான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை மீறாதீர்கள். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். செல்போன் டார்ச்சோ ஃப்ளாஷோ அடித்தால் அவை வழி மாறும். கையில் எடுத்து செல்ஃபி எடுப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்பார்கள். அந்த ஒன்று எது என்று நமக்குத் தெரியாதே.

கடலுக்குள் போன பிறகு அவை எங்கே திரிகின்றன? அதை அறியத்தான் 2022 ஜனவரியில் இதே வேளாஸில் ஒரு தாய் ஆமைக்கு செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். இந்தியாவின் மேற்குக் கரையில் அப்படிக் கருவி பொருத்திய முதல் பங்குனி ஆமை அது. பெயரும் பிரதமா, அதாவது முதலாமவள்.

அப்புறம், போகும் வழி. கொங்கண் ரயிலில் வந்தால் மாண்காவில் இறங்கி ஹரிஹரேஷ்வர் பக்கம் போகலாம். பாக்மாண்ட்லாவில் வண்டியோடு ஃபெர்ரியில் ஏறினால் எதிர்க்கரை வேஸ்வி. அங்கிருந்து பாண்கோட் கோட்டை வழியாகக் கடலோரச் சாலை. ஹோட்டல் வசதியை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சைவச் சாப்பாடு. சோறு, ஆம்டி என்ற பருப்புக் குழம்பு, கோகம் புளியில் செய்த சோல்கடி என்ற பானம். நான் சொல்வேன், அந்த சோல்கடிக்காகவே இன்னொரு வேளை உட்காரலாம்.

தேதியை மட்டும் நம் லீவுக்கு ஏற்ப முடிவு செய்ய முடியாது. அந்த வருஷம் முட்டைகள் கிடைத்த நாளைக் கணக்கிட்டுத்தான் திருவிழா தேதி சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் பேசி இடம் பிடியுங்கள். முடிந்தால் இரண்டு ராத்திரி தங்குங்கள். ஒரு ராத்திரி என்றால் மாலை ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை, அவ்வளவுதான். இரண்டு தடவையும் கூடை காலியாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.