ஒரே ஸ்டாஃபில் இரண்டு கிளாரினெட்: பார்ட்டைப் பிரிப்பது எப்படி?

[திரையில்: பழைய போட்டோ கொப்பி நோட்டுத் தாள். ஒரே ஐந்து கோட்டில் மேலும் கீழுமாகச் சுரங்கள்.]

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். போன வருடம் இங்கே ஒரு பாடசாலை பாண்டுக்கு அணிநடை இசை, அதாவது மார்ச், ஒன்று எழுதிக் கொடுத்தேன். விளையாட்டுப் போட்டிக்கு நாலு நாள்தான் இருந்தது. ஒத்திகை நன்றாகப் போய்க்கொண்டிருக்க, பதினேழாவது பாரில், அதாவது தாளக் கட்டத்தில், இரண்டாம் கிளாரினெட் மட்டும் நின்றுவிட்டது.

"ஏன் மனே, வாசிக்கல்ல?"

"சேர், என்ட தாள்ல ஒண்டும் இல்லையே."

தாளை வாங்கிப் பார்த்தால், எட்டு பார் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளையில் பிழையில்லை. பிரிண்ட் எடுத்த என் பிழைதான்.

[திரையில்: மியூஸ்ஸ்கோர் 4, அதே மார்ச்.]

இது மியூஸ்ஸ்கோர், சுரம் எழுதும் இலவச மென்பொருள். முதலாம், இரண்டாம் கிளாரினெட் இரண்டையும் ஒரே ஸ்டாஃபில், அதாவது ஒரே ஐந்து கோட்டில், எழுதியிருக்கிறேன். இதிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித் தாள், அதாவது பார்ட், எடுக்க வேண்டும். நம் கண்ணுக்கு அங்கே இரண்டு பேர் தெரிகிறார்கள். மென்பொருளுக்கு அப்படித் தெரிவதில்லை. எப்படி எழுதினோம் என்பதைத்தான் அது பார்க்கும்.

இரண்டு சுரமும் ஒரே காம்பில் நின்றால் அது கோர்ட். மேல்சுரத்தின் காம்பு மேலேயும் கீழ்ச்சுரத்தின் காம்பு கீழேயும் போனால் அவை வேறு வேறு வொய்ஸ், தனித்தனி இசைவரிகள். ஒரு சுரத்தைக் கிளிக் செய்து பாருங்கள். நீலமாக மாறினால் முதல் வொய்ஸ், பச்சையென்றால் இரண்டாவது. பிரிக்கத் தொடங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வழி வேறு.

[திரையில்: கோர்ட்டாக எழுதிய பகுதி.]

முதலில் கோர்ட். கிளாரினெட்டுக்கு நேர் கீழே இன்னொரு பி ஃபிளாட் கிளாரினெட்டைச் சேருங்கள். அது வெறுமையாக இருக்க வேண்டும், ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் அதன்மேல் ஏறிவிடும். மேல் ஸ்டாஃபில் பார்களைத் தெரிவுசெய்து, டூல்ஸ் மெனுவில் எக்ஸ்ப்ளோட். அவ்வளவுதான், மேல்சுரம் மேலே நிற்க, கீழ்ச்சுரம் கீழே இறங்கிவிடும்.

ஆனால் இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கோர்ட் இல்லாமல் ஒற்றைச் சுரம் மட்டும் உள்ள பாரில் எக்ஸ்ப்ளோட் என்ன செய்யும்? அதே சுரத்தை இரண்டு பேருக்கும் கொடுத்துவிடும். மேலே 'ஏ 2' என்று எழுதியிருந்தால், அதாவது இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால், நல்லதுதான். '1.' என்று எழுதியிருந்தால்? முதலாம் ஆள் தனியாக வாசிக்க வேண்டிய மென்மையான இடத்தை இரண்டாம் ஆளும் சேர்ந்து ஊதுவார். மென்பொருள் அந்த எழுத்தை வாசிப்பதில்லை. நீங்கள்தான் போய் அழிக்க வேண்டும்.

[திரையில்: வொய்ஸ் பிரித்து எழுதிய பகுதி.]

வொய்ஸ் பிரித்து எழுதியிருந்தால் புது ஸ்டாஃபே வேண்டாம். பார்ட்ஸ் பெட்டியைத் திறந்து, கிளாரினெட் பார்ட்டை இன்னொரு பிரதி எடுத்துப் பெயரை மாற்றுங்கள். அந்தப் பார்ட்டுக்குள் போய், இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பலகையில் ஸ்டாஃபுக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரப் படத்தை அழுத்தினால், எந்த வொய்ஸ் தெரிய வேண்டும் என்று கேட்கும் பெட்டிகள் வரும். முதலாம் ஆளுக்கு முதல் வொய்ஸை மட்டும், இரண்டாம் ஆளுக்கு இரண்டாவதை மட்டும் வையுங்கள். பிறகு ஸ்கோரில், அதாவது எல்லாரின் சுரங்களும் உள்ள முழுத் தாளில், ஒரு சுரத்தைத் திருத்தினால் பார்ட்டிலும் திருந்திவிடும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

என்னைக் கவிழ்த்ததும் இதே வழிதான். இங்கே '1.' பிழையாகாது, அந்தச் சுரம் முதல் வொய்ஸில் மட்டும்தானே இருக்கிறது. பிழையாவது 'ஏ 2'. சேர்ந்து வாசிக்கும் எட்டு பாரையும் நான் சோம்பலில் முதல் வொய்ஸில் மட்டும் எழுதி, மேலே 'ஏ 2' போட்டுவிட்டேன். இரண்டாம் ஆளின் பார்ட்டில் ஒன்றுமே வரவில்லை. எக்ஸ்ப்ளோட் செய்யும் பிழைக்கு நேர் தலைகீழ்! அதே சுரங்களை இரண்டாவது வொய்ஸிலும் எழுதிவிட்டால் சரி. கண்ட்ரோல், ஆல்ட், 2 அழுத்திவிட்டு எழுதத் தொடங்கலாம்.

[திரையில்: பிரித்தெடுத்த இரண்டு பார்ட்டும் பக்கம் பக்கமாக.]

சத்தக் குறிகளை, அந்த 'பி', 'எம்எஃப்' எல்லாவற்றையும், இரண்டு தாளிலும் ஒருமுறை பாருங்கள். ஒன்றில் விடுபட்டால் ஒருவர் மெல்ல ஊத, மற்றவர் வெபர் மைதானமே கேட்க ஊதுவார்.

டோரிகோ மென்பொருள் இதை மறுபக்கமிருந்து பார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், நடத்துநரின் ஸ்கோரில் நானே ஒரே ஸ்டாஃபில் அடுக்கித் தருகிறேன் என்கிறது. 2019இல் வந்த டோரிகோ 3இல் இந்த வசதி சேர்ந்தது. மியூஸ்ஸ்கோரில் எழுதும்போது நானும் இப்போது இரண்டு ஸ்டாஃபில்தான் தொடங்குகிறேன். நடத்தும் ஆசிரியர் பக்கம் கூடிவிட்டது என்றால், ஃபைலை இன்னொரு பிரதி எடுத்து, அதில் டூல்ஸ் மெனுவின் இம்ப்ளோடைப் போட்டுச் சேர்த்துக் கொடுப்பேன். பிள்ளைகளின் தாள் பழைய ஃபைலிலிருந்துதான் போகும்.

பிரிண்ட் எடுக்குமுன் இரண்டாம் கிளாரினெட்டின் பார்ட்டை மட்டும் திறந்து, முதல் பாரிலிருந்து கடைசிப் பார் வரை ஒருதடவை கண்ணால் பாருங்கள். என் மார்ச்சுக்கு அது இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கும்.