வால் வரியும் மதில் சுவரும்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, என் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்ட புலவர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த நூலகர் அம்மா அவர்களே, டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்க்கும் வண்ணாரப்பேட்டைத் தம்பிகளே, வணக்கம்.

மதிலுள்ள ஊர், மதிலில்லா ஊர். தலைப்பு இதுதான். மூன்று செய்தி சொல்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார் என் தாத்தா. ஆனால் சுவரே இல்லாமலும் ஊர்கள் வாழ்ந்திருக்கின்றன. கிரேக்க நாட்டு ஸ்பார்ட்டாவுக்கு வெகுகாலம் மதில் கிடையாது. வீரர்களே மதில் என்று மார்தட்டினார்கள். ரோமாபுரி பழைய மதிலைத் தாண்டிப் பரந்து கிடந்தது. ஜெர்மானியக் கூட்டங்கள் இத்தாலிக்குள் இறங்கிய பிறகுதான், 271ல் பேரரசர் ஔரேலியன் புது மதிலைத் தொடங்கினார். பயம் முன்னால் வரும், கொத்தனார் பின்னால் வருவார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். போன மாதம் சென்ட்ரலிலிருந்து ஆட்டோவில் வால்டாக்ஸ் சாலைக்குப் போனேன். “ஏன் தம்பி இந்தப் பேரு?” என்றேன். “அந்தக் காலத்துல மாட்டு வண்டிக்கு வரி சார். தலையை எண்ணினா மாடு முட்டும். அதனால பின்னாடி நின்னு வாலை எண்ணுவாங்க. வால் டாக்ஸ்!” என்றார். வாலறுந்த மாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “அதுக்கு வரி கிடையாது சார். அதனாலதான் நிறைய மாட்டுக்கு வால் இருக்காது.” மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் கேட்டார். இந்தக் கதைக்கு ஐம்பதே தரலாம், தந்தேன்.

உண்மையில் அது ஆங்கில ‘வால்’, அதாவது சுவர். சுவர் வரி. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கருப்பர் நகரத்துக்குள், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்குள், புகுந்தார். 1769ல் ஹைதர் அலி சென்னை வாசலுக்கே வந்து கிழக்கிந்தியக் கம்பெனியிடம் உடன்படிக்கை எழுதி வாங்கினார். அந்தச் சூட்டில்தான் கருப்பர் நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. செலவை மக்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள், வாங்கவில்லை. சாலைக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

அந்த மதிலில் மிஞ்சிய துண்டு பழைய சிறைச்சாலை சாலையில், மாடிப் பூங்காவாக நிற்கிறது. கவுன்சிலர் அம்மா, பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறையாவது அங்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். வரலாற்றைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

மூன்றாவது செய்திக்குள் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த ஏற்பாட்டுக்கு வாசலில் மனு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். பேனா நூலகர் அம்மாவுடையது, மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.