க்ளிக் எங்கே விழுகிறது?

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பார்வையற்றோர் பள்ளி நூறு ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் பாளையங்கோட்டையைச் சுற்றி, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் துணையோடு கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பள்ளிக்கூடத்தில், வங்கியில், தாலுகா அலுவலகத்தில் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். இவர்களை மடக்கிப்போடுகிற இடம் ஒன்று இருக்கிறது. பட்டனின் பெயரை ஸ்கிரீன் ரீடர் தெளிவாகப் படிக்கும். என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. மவுஸ் க்ளிக் கொடுத்தால் அது வேறெங்கோ போய் விழும். கடைசியில், "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் அமுக்கிவிடுங்க" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியதாகிறது. பணம் அனுப்பும் திரையை இன்னொருவர் கையில் கொடுக்கும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. அந்த க்ளிக்கை நம் கையாலேயே சரியான இடத்தில் விழவைக்க முடியும். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை வைத்துச் சொல்கிறேன்.

திரையில் ஒரே நேரத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது, டேப் விசை கொண்டுபோய் நிறுத்துகிற ஃபோகஸ். இரண்டாவது, நாம் படித்துப் பார்க்கிற இடமான நேவிகேட்டர் ஆப்ஜெக்ட். அதற்குள் வரிவரியாக, எழுத்தெழுத்தாக நகர்வது ரிவ்யூ கர்சர். மூன்றாவது மவுஸ் பாயின்டர். காதில் விழுவது பெரும்பாலும் முதல் இரண்டும்தான். க்ளிக் விழுவதோ மூன்றாவது இடத்தில். டேப் அடித்து 'சமர்ப்பி' பட்டனுக்கு நாம் வந்துவிட்டதால் பாயின்டரும் கூடவே வந்துவிடாது. விட்ட இடத்திலேயே கிடக்கும்.

இப்போது விசைகள். என்விடிஏ விசை என்று நான் சொல்வது இன்சர்ட். அமைப்பில் மாற்றினால் கேப்ஸ் லாக்கும் ஆகும். வலது ஓரத்து நம்பர் பேடில் கையை வையுங்கள். நடுவில் 5-ன் மேல் சின்ன மேடு தட்டுப்படும். மேல் வரிசையில் இடமிருந்து நம் லாக் எனும் எண் பூட்டு விசை, வகுத்தல், பெருக்கல், கழித்தல். நம் லாக் எரிந்தால் அந்தப் பகுதி எண் தட்டத்தான் உதவும். முதலில் அதை அணையுங்கள்.

பட்டன் மேல் நின்றுகொண்டு, மவுஸுக்குப் போகுமுன், என்விடிஏ விசையோடு நம்பர் பேட் என்டரைத் தட்டிப் பாருங்கள். பல பட்டன்கள் இதற்கே திறந்துவிடும். மவுஸைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

அதற்கும் அசையவில்லையா? என்விடிஏ விசையோடு கழித்தல்: நேவிகேட்டர், ஃபோகஸ் இருக்கும் இடத்துக்கு வரும். என்விடிஏ விசையோடு வகுத்தல்: பாயின்டர் அங்கே வரும். உடனே க்ளிக் செய்யாதீர்கள். என்விடிஏ விசையோடு பெருக்கலைத் தட்டுங்கள். பாயின்டருக்கு அடியில் உண்மையில் என்ன இருக்கிறதோ, அதன் பெயரைச் சொல்லும். 'சமர்ப்பி' என்று கேட்டால் வெறும் வகுத்தல் விசையைத் தட்டுங்கள், அதுதான் இடது க்ளிக். வெறும் பெருக்கல் வலது க்ளிக். பெருக்கலில் வேறு பெயர் வந்தால், பட்டனை ஏதோ ஒன்று மறைத்துக்கொண்டிருக்கிறது; அநேகமாக அறிவிப்புப் பெட்டியோ குக்கீ அனுமதி கேட்கும் பட்டையோ. அதை மூடிவிட்டு மறுபடி கொண்டுவாருங்கள். இந்தச் சரிபார்ப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தவறான க்ளிக்குகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

இணையப் பக்கத்தில் டேப் நிற்காத, 'க்ளிக்கபிள்' என்று மட்டும் படிக்கிற இடங்களும் வரும். அங்கே அம்புக்குறியால் நகர்ந்து அந்த வார்த்தையிலேயே நின்று, கழித்தலைத் தொடாமல், 'என்விடிஏ விசையோடு வகுத்தல்' என்ற படியிலிருந்து தொடங்குங்கள். பாயின்டர் ரிவ்யூ கர்சர் நிற்கும் எழுத்துக்கே வரும் என்பதால், நீளமான வரியிலும் நடு வார்த்தையைக் குறிபார்க்கலாம்.

லேப்டாப்பில் நம்பர் பேட் இருக்காது. என்விடிஏவும் கன்ட்ரோலும் கே-யும் சேர்த்துத் தட்டி, விசைப்பலகை அமைப்பை லேப்டாப் என்று மாற்றுங்கள். பிறகு, என்விடிஏ விசையோடு பேக்ஸ்பேஸ், ஃபோகஸுக்கு வர. என்விடிஏ, ஷிஃப்ட், எம், பாயின்டரைக் கொண்டுவர. என்விடிஏ, ஷிஃப்ட், என், சரிபார்க்க. என்விடிஏ விசையோடு திறக்கும் சதுர அடைப்புக்குறி, இடது க்ளிக். மூடும் அடைப்புக்குறி, வலது க்ளிக்.

அமைப்புகளில் மூன்றைக் கவனித்தால் போதும். என்விடிஏ விசையோடு மேல் வரிசை எண் 7, ஃபோகஸைப் பின்தொடர்வது. 6, எழுத்துக் கர்சரைப் பின்தொடர்வது. இரண்டும் ஆன் ஆக இருக்கட்டும். கை தவறி இதில் ஒன்று அணைந்தால், நீங்கள் ஓரிடத்தில் படித்துக்கொண்டிருக்க, ரிவ்யூ கர்சர் பழைய இடத்திலேயே நிற்கும், பாயின்டரும் அங்கேதான் போகும். மூன்றாவது, என்விடிஏ அமைப்புகளில் 'ரிவ்யூ கர்சர்' என்ற பிரிவில் உள்ள 'மவுஸைப் பின்தொடர்' என்பது. அதை ஆஃப் செய்தே வையுங்கள். இல்லையென்றால் டச்பேடில் விரல் பட்டாலே ரிவ்யூ கர்சர் இழுபட்டுப் போகும்.

அந்த டச்பேடுதான் லேப்டாப்பில் பெரிய இடைஞ்சல். பாயின்டரைக் கொண்டுவந்த பிறகும், க்ளிக் தட்டும் முன்பும் உள்ளங்கை அதில் உரசும். பாயின்டர் அரை அங்குலம் நகர்ந்தாலும் பக்கத்து பட்டன் அமுங்கிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் டச்பேடையே அணைத்துவிடுங்கள்.

பட்டன் திரைக்கு வெளியே, பக்கத்தின் அடியில் இருந்தால் பாயின்டர் அங்கே போக முடியாது. விண்டோஸ் விசையோடு மேல் அம்பைத் தட்டி ஜன்னலை முழுத்திரையாக்குங்கள்; ஃபோகஸை அந்தப் பட்டனுக்கே கொண்டுபோனால் பக்கம் தானாக மேலே நகரும். டிஸ்ப்ளே ஸ்கேல் 125 அல்லது 150 சதவீதத்தில் இருந்தால், சில பழைய மென்பொருள்களில் கணக்குத் தப்பி க்ளிக் தள்ளி விழும். 100 சதவீதமாக்கிப் பாருங்கள். நிர்வாகி அனுமதியோடு ஓடும் அலுவலக மென்பொருளில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், பென்டிரைவில் போட்ட என்விடிஏவை ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். அங்கே கம்ப்யூட்டரிலேயே நிறுவிய என்விடிஏதான் வேலைக்கு ஆகும்.

ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரை வைத்திருப்பவர்கள் இன்சர்ட்டோடு நம்பர் பேட் கழித்தலைத் தட்டி ஜாஸ் கர்சரைக் கொண்டுவந்து, வகுத்தலால் க்ளிக் செய்யலாம். முடித்ததும் கூட்டல் விசையைத் தட்டி வழக்கமான பிசி கர்சருக்குத் திரும்பிவிடுங்கள். மறந்தால், அம்புக்குறி அடித்தும் ஆவணத்தில் எதுவும் நகரவில்லையே என்று திணற வேண்டிவரும்.

அமைப்புகளை மாற்றியதும் என்விடிஏ, கன்ட்ரோல், சி தட்டிச் சேமியுங்கள். என்விடிஏவை முறையாக மூடினால் அதுவே சேமித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் சேமிக்காது. ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் வேறு அமைப்பு வேண்டுமென்றால், அதைத் திறந்துவைத்துக்கொண்டு என்விடிஏ, கன்ட்ரோல், பி தட்டி, அதற்கென்று தனி புரொஃபைல், அதாவது தனி அமைப்புத் தொகுப்பு, உருவாக்குங்கள். அந்த மென்பொருளுக்குள் போகும்போதெல்லாம் அது தானாகவே பிடித்துக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.