ஏற்காட்டுக் குளிரில் சித்திரைக்குள் தக்காளி

(காட்சி: பனி விலகாத காலை. சரிவில் ஒரு காய்கறிப் பாத்தி.)

ஏற்காட்டுல மாசியில தக்காளி விதைச்சா, காய் பழுக்கிற நேரத்துல ஆனி மழை பிடிச்சிரும். செடி நிறைய காய் இருக்கும். ஒரே வாரத்துல இலை கருகி, காய் பழுப்பு நிறமாகி அழுகிரும். அதனால கார்த்திகை பாதி தாண்டினதுமே, அதாவது டிசம்பர் முதல் வாரத்துல விதைக்கணும். அப்பதான் சித்திரையில பழம் கைக்கு வரும். நடுவுல இருக்கிற மார்கழி, தை குளிரைச் செடி எப்படித் தாண்டும்னு பார்ப்போம்.

ஆயிரம் மீட்டர் மேல ஏறினா வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஏற்காடு 1500 மீட்டர் உயரத்துல இருக்கு. சேலம் டவுன் 300 மீட்டர்கூட இல்ல. மார்கழி ராத்திரியில ஏற்காட்டுல 13 டிகிரியை ஒட்டி இறங்கும். அதுக்குக் கீழே போனா மகரந்தம் வேலை செய்யாது. பூக்காம்பு நடுவுல ஒரு கணு இருக்கும் பாருங்க, அங்க மஞ்சளாகிப் பூ உதிரும். இதைப் பார்த்து உரம் பத்தலன்னு நினைச்சு யூரியா போட்டுராதீங்க. இலைதான் தழைக்கும், காய் இன்னும் தள்ளிப்போகும்.

(காட்சி: அடுப்படி அலமாரியில் குழித்தட்டு.)

விதை முளைக்க 25 டிகிரிக்கு மேல சூடு வேணும். அது கிடைச்சா ஒரு வாரத்துல முளைக்கும். 15 டிகிரியில ரெண்டு வாரம் இழுக்கும், அதுக்குள்ள பாதி விதை அழுகிரும். தென்னை நார்க்கழிவு மூணு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து குழித்தட்டை நிரப்புங்க. அரை சென்டிமீட்டர் ஆழத்துல ஒரு விதை. தட்டை அடுப்படியில, சூடு தங்குற இடமாப் பார்த்து வைங்க. முளை தெரிஞ்ச அன்னைக்கே வெளிச்சத்துக்கு எடுத்துரணும். ஒரு நாள் தாமதிச்சாலும் தண்டு நூலா நீண்டு சாஞ்சிரும். தண்ணி காலையில மட்டும். சாயங்காலம் ஊத்தினா ராத்திரி ஈரத்துல நாற்றழுகல் வரும்.

ரகத்துல ஒண்ணு சொல்லணும். சின்னக் காய் ரகங்கள், செர்ரி தக்காளி மாதிரி, பெரிய காயைவிட முன்னாடி பழுக்கும். பெரிய காய் வேணும்னா பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா அபேத் பொருத்தமா இருக்கும். முதல்ல சொன்ன, இலை கருகிக் காய் அழுகுற பின்கருகல் நோயைத் தாங்குற மாதிரி உருவாக்கின வீரிய ரகம் அது.

(காட்சி: பாத்தி. வடக்கே கல் சுவர்.)

இடம்தான் பாதி வேலை. குளிர்காலத்துல சூரியன் தெற்கே சாஞ்சிருக்கும். அதனால சுவர் பாத்திக்கு வடக்கே இருக்கணும். பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி செடிக்குக் கொடுக்கும். பள்ளத்துல நடாதீங்க, குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி வழிஞ்சு அங்கதான் தேங்கும். சில்வர் ஓக் நிழல் விழுந்தாலும் ஆகாது. ஆறு மணி நேரம் நேர் வெயில் வேணும்.

பாத்தி 3 அடி அகலம், ஒரு அடி உயரம். மேட்டுப்பாத்தி சீக்கிரம் சூடேறும். ஒரு செடிக்கு 2 கிலோ மக்கின தொழுவுரம், 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. மலை மண்ணு பெரும்பாலும் புளிப்பா இருக்கும். மண் பரிசோதனையில கார அமில நிலை 6க்குக் கீழே வந்தா மட்டும் ஒரு மாசம் முன்னாடியே சுண்ணாம்பு போடுங்க. நடவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பாத்தி மேல கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் தாளை இழுத்து ஒட்டினாப்ல மூடுங்க. மண்ணைச் சூடாக்க கறுப்புத் தாளைவிட இதுதான் மேல். களை முளைக்கும், நடும்போது பிடுங்கிடலாம்.

(காட்சி: படுக்க வைத்து நடும் செய்முறை, நெருக்கமாக.)

பொங்கல் முடிஞ்சதும் நடவு. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் நாற்றை வெளிய வைச்சுப் பழக்குங்க. காலை எட்டு மணிக்கு நாலு விரல் ஆழத்துல மண் 16 டிகிரியாவது காட்டணும். குழியை ஆழமா தோண்டாதீங்க. அடி மண்ணு குளிர்ச்சி. கையளவு நீளத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால் போட்டு, கீழ் இலைகளைக் கிள்ளி, தண்டைப் படுக்க வைச்சு, நுனியை மட்டும் மேலே திருப்பி மூடுங்க. புதைஞ்ச தண்டு முழுக்க வேர் விடும், அதுவும் சூடான மேல்மண்ணுல. செடிக்குச் செடி ஒன்றரை அடி.

நட்டபிறகு இலையோட அடிப்பக்கம் ஊதா நிறமானா பயப்படாதீங்க. மண்ணுல மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருக்கும், குளிர்ந்த வேரால எடுக்க முடியல. மண்ணு சூடானா தானா சரியாகும்.

மூங்கில் சிம்பு வளைச்சு மேல பாலித்தீன் போட்டுச் சின்னக் குகை மாதிரி கட்டுங்க. இலை தாள்ல படக்கூடாது. உள்ள ரெண்டு செடிக்கு நடுவுல கறுப்பு பெயின்ட் அடிச்ச 20 லிட்டர் கேன்ல தண்ணி நிரப்பி வைங்க; பகல்ல சூடேறி ராத்திரி விடும். இதுல அதிகம் பேர் தவறுறது திறக்கறதுலதான். வெயில் வந்து காலை ஒன்பது மணிக்கு ரெண்டு முனையும் திறக்கலன்னா, உள்ள 35 டிகிரியைத் தாண்டி, குளிரால உதிராத பூ சூட்டால உதிரும். மூடி வைச்சா ஈரமும் தங்கும். நாலு மணிக்குத் திரும்ப மூடுங்க. தொட்டித் தண்ணிய நேரா ஊத்தாம, வெயில்ல காஞ்ச தண்ணியா வேரடியில விடுங்க.

மாசி பாதியில பூ வரும். தேனீ குறைவா இருந்தா பத்து மணிக்கு மேல பூங்கொத்துத் தாங்குற குச்சியை விரலால சுண்டிவிடுங்க. மகரந்தம் உள்ளேயே விழும். கொடி மாதிரி ஏறுற ரகத்துல பக்கக்கிளையைக் கிள்ளி, நாலு கொத்துக்கு மேல நுனியையும் கிள்ளிரணும். குட்டை ரகத்துல கிள்ளவே கூடாது.

(காட்சி: பிளாஸ்டிக் வாளிகளில் போர்டோ கலவை.)

கோடை மழை எட்டிப்பார்க்கும்போது பின்கருகலுக்கு முன்கூட்டியே 1 சத போர்டோ கலவை தெளிங்க. 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 5 லிட்டர்ல, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு 5 லிட்டர்ல, தனித்தனியா பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புல ஊத்திக் கிளறுங்க. இரும்புக் கத்தியை முக்கி எடுத்தா செம்பு நிறம் படிஞ்சிருந்தா, சுண்ணாம்பு பத்தல, இன்னும் சேருங்க. இல்லன்னா இலை கருகும். அன்னைக்கே தெளிச்சு முடிக்கணும். நோய் வந்தபிறகு இது காப்பாத்தாது.

காயோட அடிப்பக்கம் லேசா சிவப்பு தட்டினதும் பறிச்சுரலாம். வீட்டுக்குள்ள, காகிதத்துல சுத்தி ஒரு வாழைப்பழத்தோட வைச்சா பழுத்துரும். ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, மணம் போயிரும். மழை கனமா வரும்னு தெரிஞ்சா முதிர்ந்த பச்சைக் காயையும் மொத்தமா இறக்கிருங்க.