அடுப்படிக்கு வரும் பையனை அனுப்பிவிடாதீர்கள்

(கோலாலம்பூரில் பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று, நான்கு வயதுப் பையன் அம்மா சமைக்கும்போது தானாகவே வந்து நிற்பான். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவான், மாவுக்குள் கையை விடுவான், "நானும் செய்றேன்" என்பான். அந்த வயதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதமே கிடையாது. பெண் குழந்தை வந்து நின்றால், "இந்தாம்மா, இந்தப் பூண்டை உரி" என்கிறோம். பையன் வந்து நின்றால், "போய் விளையாடுய்யா" என்கிறோம். கோபமாகச் சொல்வதில்லை, பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அதையே திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை ஒருநாள் வருவதை நிறுத்திவிடுவான். அப்புறம் கல்லூரி விடுதிக்குப் போகும்போது, இவனுக்கு ஒரு முட்டை பொரிக்கக்கூடத் தெரியவில்லையே என்று நாமே கவலைப்படுகிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அவன் தானாக வருகிற வயதில் அவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். எப்படி உள்ளே விடுவது, விட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

எனக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, சின்னவன் பாலர் பள்ளி. செந்தூலில் அடுக்குமாடி வீடு. அடுப்படி சின்னது என்பதால் ஹாலில் பாய் விரித்து, அதன்மேல் பழைய நாளிதழ் போட்டு உட்கார்ந்து செய்கிறோம். சமையலில் ஆரம்பிக்காமல் ஓவனில் சுடும் பலகாரத்தில் ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தாளிப்பு, பொரியல் எல்லாம் நெருப்பில் தொடங்குகிற வேலை. எண்ணெய் தெறிக்கும், பிள்ளையை எட்டி நில் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் சூடு கடைசியில்தான் வருகிறது. அளப்பது, சலிப்பது, பிசைவது, உருட்டுவது எல்லாமே அதற்கு முன்னால் முடிந்துவிடும். பிள்ளையின் கை முழுக்க முழுக்க வேலையில் இருக்கும். ஓவனைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் மட்டும் என் வேலை. அந்த விதி எங்கள் வீட்டில் மாறாது. அப்படியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஓவனைச் சுவரில் உள்ள பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் ரைஸ் குக்கரோடு சேர்த்துப் போடாதீர்கள்.

முதலில் செய்ய நெய் பிஸ்கட்டைவிட நல்லது எதுவுமில்லை. தீபாவளிக்கு நம் வீடுகளில் சிவப்பு மூடிப் போத்தலில் அடுக்கி வைப்போமே, சூஜி பிஸ்கட், அதுதான். வெண்ணெயைச் சீனியோடு அடித்துச் செய்யும் பிஸ்கட்டுக்கு நம் ஊர் வெயில் ஒத்துவராது. வெளிநாட்டுச் செய்முறையில் "அறை வெப்பத்தில் வெண்ணெய்" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. நம் அறை 30 டிகிரி, வெண்ணெய் அடிப்பதற்குள் எண்ணெய் விட்டுவிடும். நெய்யில் அந்தத் தொல்லை இல்லை, கையே போதும். முட்டையும் வேண்டாம், அதனால் புரட்டாசி மாதத்தில் தீபாவளிக்குச் செய்து வைப்பதற்கும் தோது.

200 கிராம் நெய், 120 கிராம் ஐசிங் சீனி, 350 கிராம் கோதுமை மாவு, ஒரு சிட்டிகை உப்பு. இதை நான் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டிவிடுவேன். மூத்தவன் வாசிப்பான். பாடநூலை வாசி என்றால் இழுக்கிற பையன், "நெய்யையும் சீனியையும் நன்றாகக் குழைக்கவும்" என்ற வரியை மட்டும் விரல் வைத்து இரண்டு தடவை வாசிப்பான், ஏனென்றால் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். தராசில் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குவதும் அவன் வேலை. 340, 346, 349 என்று எண் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டி நுனியால் மாவைத் தட்டுவான். 352 ஆகிவிட்டால் கொஞ்சம் எடுப்பான். எடுக்காவிட்டால் பிஸ்கட் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனாலும் நான் அவசரப்படுத்துவதில்லை, அந்தக் கவனம் அவனுடையது.

சின்னவன் உருட்டுவான். மொத்த மாவு 670 கிராம், ஒன்று 11 கிராம் என்றால் 60 உருண்டை வரும் என்று மூத்தவன் கணக்குப் போட்டு வைப்பான். சின்னவன் உருட்டியது ஒன்று கோலிக்குண்டு அளவு, அடுத்தது எலுமிச்சை அளவு. ஒரே தட்டில் வைத்தால் சின்னது கருகும், பெரியது வேகாது. அதனால் சின்னதை ஒரு தட்டில், பெரியதை இன்னொரு தட்டில் தனித்தனியாகச் சுடுகிறேன். அவன் உருட்டியதை வாங்கி நான் திரும்ப உருட்டுவதில்லை. இதைத் தாய்மார்களிடம் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். அவன் கண்முன்னே அதை நாம் திருத்தினால், நீ செய்தது வேலையே இல்லை என்று சொல்வதாகத்தான் அவனுக்குப் படும். 160 டிகிரியில் 15 நிமிடத்துக்கு மேல், அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறம் வரும்வரை. சுடச்சுட எடுத்தால் உதிர்ந்துவிடும், தட்டிலேயே ஆறட்டும்.

பச்சை மாவை நக்க விடக்கூடாது. முட்டைதான் இல்லையே என்பார்கள். வேகாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். "வெந்த பிறகு முதல் பிஸ்கட் உனக்கு" என்று சொன்னால் கேட்டுக்கொள்வான்.

அடுத்தது ரொட்டி. இது பையன்களுக்கு இன்னும் பிடிக்கும், குத்தலாம், அடிக்கலாம், இழுக்கலாம். மாவுப் பொட்டலத்தின் பின்னால் புரத அளவு போட்டிருப்பார்கள். 12 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ரொட்டிக்கு நல்லது, பிஸ்கட்டுக்கு அதைவிடக் குறைந்தது போதும். கடையில் அதைத் தேடிப் படிக்கும் வேலையை மூத்தவனிடம் விட்டுவிட்டேன். கடைகளில் கிடைக்கும் 11 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தில் பாதியை, வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டிச் சீனியோடு கலந்து வைத்தால் சற்று நேரத்தில் நுரைத்து வரும். சின்னவன் அதற்குப் பக்கத்தில் காதை வைத்து, "அம்மா, இது உயிரோட இருக்கா?" என்று கேட்டான். ஆமாம் ஐயா, உயிரோடுதான் இருக்கிறது, சீனியைத் தின்று காற்று விடுகிறது, அந்தக் காற்றுதான் ரொட்டியை உப்ப வைக்கிறது, கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும் என்றேன். அன்றிலிருந்து தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்க்காமல் ஊற்ற விடமாட்டான். பிசைந்த மாவை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, எவ்வளவு உப்புகிறது என்று பார்க்க, மாவு இருக்கும் மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டி வைப்போம். குளிர் நாட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிற வேலை இங்கே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளின் பொறுமைக்கு அது சரியான அளவு.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பையன்களிடம் "இன்னிக்குப் பள்ளியில என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பார்கள். முகத்துக்கு நேரே கேட்டால் அவர்களுக்குப் பேச வராது. கை மாவில் இருக்கும்போது வரும். ஒருநாள் மூத்தவன் உருண்டை உருட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அம்மா, என்னை யாரும் காற்பந்து டீமில சேர்க்க மாட்டேங்கிறாங்க" என்றான். எத்தனை நாளாக அதை மனதில் வைத்திருந்தானோ. நானும் தலையைத் தூக்கவில்லை, கையை நிறுத்தவும் இல்லை. "யாரு, உன் வகுப்புப் பசங்களா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த தட்டு நிறைவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டான். வேறு எந்த வழியிலும் அந்தப் பேச்சை அவனிடமிருந்து நான் வாங்கியிருக்க முடியாது.

சண்டை வருமா? வரும். சல்லடை யாருக்கு, கரண்டி யாருக்கு என்று வரும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பிரித்துக் கொடுத்துவிட்டால் பாதி அடங்கும். மீதிப் பாதி அண்ணன் தம்பி என்றால் இருக்கத்தான் செய்யும்.

"நம் ஆட்களுக்குச் சீனி நோய் அதிகம், இதில் பிள்ளைகளுக்கு இனிப்பு செய்யப் பழக்குகிறீர்களே" என்று ஓர் ஐயா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம். அதனால்தான் சீனியை அவர்கள் கையாலேயே நிறுக்கட்டும் என்கிறேன். 120 கிராமை 60 பிஸ்கட்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2 கிராம். கையால் நிறுத்த பிள்ளை, கடை கேக்கைப் பார்த்ததும் "இதில எவ்வளவு சீனி இருக்கும்?" என்று கேட்கிறான். செய்ததில் பெரும்பகுதி வீட்டில் தங்குவதும் இல்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு ஒரு தட்டு, கீழ்மாடிச் சீன ஆன்ட்டிக்கு ஒரு தட்டு. கொண்டுபோய்க் கொடுப்பது சின்னவன். கதவைத் தட்டி, என்ன கொண்டு வந்திருக்கிறேன் என்று மலாயில் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

பாட்டிமார்களின் ஆட்சேபணைக்கும் வருகிறேன். என் அத்தை இன்றைக்கும் கேட்கிறார்: "ஆம்பளப் புள்ளைக்கு அடுப்படியில என்ன வேல?" அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வளர்ந்த விதம் அது. ஆனால் இந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள். இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவர் ஆண். தே தாரேக் என்று தேநீரை இழுத்து ஆற்றுகிறவர் ஆண். கல்யாணச் சமையலுக்கு அண்டா கிளறுகிறவர்கள் ஆண்கள். தைப்பூசத்தன்று பத்துமலைத் தண்ணீர்ப் பந்தல்களில் விடிய விடியச் சமைத்துப் போடுகிறவர்களில் எத்தனை இளைஞர்கள்! சம்பளம் என்றாலோ சாமி காரியம் என்றாலோ ஆண் சமைக்கலாம், சொந்த வீட்டில் மனைவி காய்ச்சலில் கிடந்தால் கடையில் பொட்டலம் வாங்கி வர வேண்டுமா? இதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சட்டமும் மாறிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டு வேலைச் சட்டத்தில் திருமணமான ஆண் ஊழியருக்குச் சம்பளத்தோடு 7 நாள் தந்தையர் விடுப்பு வந்திருக்கிறது. தாய்மாருக்கு 60 நாளாக இருந்தது 98 நாளானது. அந்த ஏழு நாளும் பச்சை உடம்புக்காரிக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு என்ன பயன்? நம் பையன்களுக்கும் ஒருநாள் அந்த ஏழு நாள் வரும்.

பாத்திரம் கழுவுவதை விட்டுவிடாதீர்கள். பிஸ்கட் செய்ய வருகிற பையன் கழுவும்போது காணாமல் போவான். அவனைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். சின்னவன் நாளிதழைச் சுருட்டிக் குப்பையில் போடுவான், மூத்தவன் நெய்க் கிண்ணத்தை வெந்நீர் விட்டுத் தேய்ப்பான். முழுச் சுத்தமாக இருக்காது, பிறகு நான் ஒருமுறை கழுவிக்கொள்வேன், அவர்கள் தூங்கிய பிறகு.

ஓவன் இல்லை என்று சில அக்காமார்கள் வாசலிலேயே சொன்னீர்கள். கனமான பாத்திரத்தில் உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தட்டை அந்த வளையத்தின்மேல் வைத்தால் கேக் வேகும், பிஸ்கட்டும் வேகும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பிரஷர் குக்கரில் செய்தால் கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட வேண்டும். பிள்ளைகள் அதன் பக்கத்தில் போக வேண்டாம்.

மகனுக்குப் பதினான்கு, பதினைந்து வயது ஆகிவிட்டதே என்பவர்களுக்கு: அவனைப் பாயில் உட்காரவைத்து உருண்டை உருட்டச் சொன்னால் வரமாட்டான். பசியோடு பள்ளியிலிருந்து வருகிற நேரத்தில் முட்டையையும் ரொட்டியையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் வேறு வேலையைப் பாருங்கள். சட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பான். சொல்லுங்கள்.

செய்முறைத் தாள் பின்னால் மேசையில் இருக்கிறது, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம்.