வயிற்றில் அடித்துப் பறித்த வாக்கு

நண்பர்களே, வணக்கம்.

1962 ஆகஸ்ட் 31. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ரூல்வில் என்ற சிற்றூரிலிருந்து ஒரு பஸ் கிளம்பியது. உள்ளே 18 பேர், எல்லாரும் கறுப்பின மக்கள். 26 மைல் தள்ளி இண்டியனோலாவில் இருக்கும் கோர்ட்டுக்குப் போய், எங்கள் பெயரையும் வாக்காளர் பட்டியலில் சேருங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் செய்யப்போன காரியம் அவ்வளவுதான்.

பெயர் சேரவில்லை. எழுத்தறிவுத் தேர்வு என்று சொல்லி மாநில அரசியல் சட்டத்தை நீட்டி, விளக்கம் எழுதச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் போலீஸ் மறித்தது. பஸ்ஸின் நிறம் சரியில்லையாம்! டிரைவருக்கு அபராதம். உள்ளே இருந்தவர்கள் கையில் கிடந்த காசையெல்லாம் திரட்டி, அபராதத்தைக் கட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். இந்தக் காசு திரட்டிய விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

அந்த பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். ஒரே பருத்திப் பண்ணையில் 18 வருடம் உழைத்தவர். வீடு திரும்புவதற்குள் செய்தி முதலாளிக்கு எட்டிவிட்டது. மனுவைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் இடத்தைக் காலி செய் என்றார் முதலாளி. உங்களுக்காகப் போய்ப் பதியவில்லை, எனக்காகத்தான் போனேன் என்றார் ஹேமர். அன்று இரவே அவர் பண்ணையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். வாக்குரிமை ஒரு போராட்டம், கூலியும் சோறும் வேறொரு போராட்டம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். பறித்தவர்கள் ஒருநாளும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. வாக்குக் கேட்டவரை வயிற்றில்தான் அடித்தார்கள். டென்னசி மாநிலத்தின் ஃபேயட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1960-இல், பெயர் பதிந்த கறுப்பின விவசாயிகளை நிலத்தை விட்டுத் துரத்தினார்கள். கடைக்காரர்கள் அவர்களுக்குச் சாமான் விற்க மறுத்தார்கள். குடும்பம் குடும்பமாகக் குளிரில் கூடாரத்தில் கிடந்தார்கள். மிசிசிப்பியின் லெஃப்லோர் கவுண்டியில் 1962-63 குளிர்காலத்தில், ஏழைகளுக்கு மத்திய அரசு தரும் உணவுப் பொருளையே உள்ளூர் நிர்வாகம் நிறுத்திவிட்டது.

அங்கேதான் பல தரப்பினர் ஒன்றுசேர்ந்து நிற்கும் கூட்டமைப்பின் வேலை தெரிகிறது. மாணவர் அமைப்பான எஸ்.என்.சி.சி.யின் இளைஞர்கள் வடக்கு நகரங்களில் மாவும் டின் உணவும் துணிமணியும் சேகரித்து லாரியில் கொண்டுவந்தார்கள். சாப்பாடு வாங்க ஜனங்கள் வந்தார்கள், பேச்சு வளர்ந்தது, பயம் தெளிந்தது. அப்புறம் அதே ஜனங்கள் கோர்ட் வாசலில் பெயர் பதிய வரிசையில் நின்றார்கள். அரிசி மூட்டையும் அரசியலும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஹேமர் விடவில்லை. 1963 ஜனவரியில் தேர்வில் தேறிவிட்டார். சரி, இனி வாக்களிக்கலாம் என்று போனால், வாக்கு வரி கட்டிய ரசீது எங்கே என்றார்கள். காசு கொடுத்தால்தான் வாக்கு! மத்தியத் தேர்தல்களில் அந்த வரியை ஒழித்தது 1964-இல் வந்த 24-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். மாநிலத் தேர்தல்களில் அதை ஒழிக்க 1966-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

கூட்டமைப்பு என்றால் எல்லாரும் கைகோத்துச் சிரித்தபடி நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். 1964-இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வந்த அதிகாரபூர்வக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர். எங்களைத்தான் பிரதிநிதிகளாக ஏற்க வேண்டும் என்று ஹேமரின் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி வாதாடியது. ஹேமர் பேசிக்கொண்டிருந்தபோதே ஜனாதிபதி ஜான்சன் திடீரென்று பத்திரிகையாளர்களைக் கூட்டினார்; டிவி காமெரா அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் இரவுச் செய்தியில் ஹேமரின் பேச்சை நாடே பார்த்தது. கடைசியில் இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். பெரிய தலைவர்கள் சிலர், வாங்கிக்கொள்ளுங்கள், இதுவே வெற்றி என்றார்கள். உயிரைப் பணயம் வைத்து வந்த அந்த ஏழை ஜனங்கள் முடியாது என்றார்கள். அவர்கள் செய்ததே சரி என்று நான் நினைக்கிறேன். யார் பெயரால் பேரம் நடக்கிறதோ, முடிவும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். மறுவருடம், நிறத்தைக் காட்டி வாக்கை மறுப்பதைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

சட்டம் வந்த பிறகும் ஹேமர் ஓய்ந்து உட்காரவில்லை. 1969-இல் சன்ஃப்ளவர் கவுண்டியில் சுதந்திரப் பண்ணை என்று ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். அதோடு ஒரு பன்றி வங்கியும் நடந்தது. ஒரு குடும்பத்துக்குப் பன்றி கொடுப்பார்கள்; அது குட்டி போட்டதும் இரண்டைத் திருப்பித் தர வேண்டும்; அவை வேறு குடும்பங்களுக்குப் போகும். வீட்டில் தின்ன இருந்தால் எந்த முதலாளியும் மிரட்ட முடியாதே!

இனி நம் காலத்துக்கு வருவோம். 2013-இல் ஷெல்பி கவுண்டி வழக்கில், வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பாதுகாப்பை, அதாவது பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள இடங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய ஒப்புதல் பெற வேண்டும் என்பதை, உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. பல மாநிலங்களில் மறுபடி கெடுபிடி கூடியது. ஃப்ளோரிடாவிலோ சிறை சென்று வந்தவர்களின் வாக்குரிமை வேறொரு பெரிய பிரச்சினை. 2018 வரை, தண்டனை முடிந்தும் சுமார் 14 லட்சம் பேருக்கு வாக்கு இல்லாமல் இருந்தது. சிறை அனுபவம் உள்ளவர்களே முன்னின்று ஒரு கூட்டமைப்பைக் கட்டி, வீடு வீடாக, வாகன நிறுத்தங்களில், தேவாலய வாசல்களில் கையொப்பம் வாங்கினார்கள். தேவைப்பட்டது 7,66,200. அதைத் தாண்டினார்கள். 2018 நவம்பரில், இந்த வாக்குரிமையைத் திருப்பித் தரும் மாநில அரசியல் சட்டத் திருத்தம் (நான்காம் திருத்தம் என்று பெயர்) வாக்கெடுப்பில் 64 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு நிறைவேறியது.

மறுவருடமே மாநிலச் சட்டமன்றம் ஒரு பூட்டுப் போட்டது. கோர்ட் அபராதம், கட்டணம் எல்லாம் கட்டி முடித்தால்தான் வாக்காம். எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. பழைய வாக்கு வரி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததாகவே எனக்குத் தெரிகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அதே வருடம் நவம்பரில் அதே ஃப்ளோரிடாவின் வாக்காளர்கள், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 8.56 டாலரிலிருந்து படிப்படியாக 15 டாலராக உயர்த்தும் திருத்தத்தை ஏறத்தாழ 61 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள். வாக்காளர்கள் எடுத்த இந்த 2018, 2020 முடிவுகள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், நண்பர்களே. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சாதாரண ஜனங்கள் நியாயத்தின் பக்கம்தான் கை தூக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கோர்ட் அபராதத்துக்கு ஃப்ளோரிடா கூட்டமைப்பினர் என்ன செய்தார்கள் தெரியுமா? ரூல்வில் பஸ்ஸில் செய்ததையே செய்தார்கள். நிதி திரட்டினார்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். தொண்டர்களும் வழக்கறிஞர்களும் கவுண்டி கவுண்டியாகப் பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டி, இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்று கண்டுபிடித்து, பலருடைய கணக்கைக் கட்டித் தீர்த்து, பதிவுப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள்.